சோளனுக்கு யூரியா: மூன்றாவது மூட்டையா, மூன்றாவது தவணையா?

போன பெரும்போகத்தில், திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கம், கட்டைபறிச்சானில் எங்கள் மேட்டுக்காணிச் சோளன் (மக்காச்சோளம்) பால்பிடித்து நின்ற நேரம். வேலியோரம் நின்று பார்த்தால் ஆளுயரத்துக்கு ஒரே பச்சை. உள்ளே புகுந்து குனிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கதிருக்குக் கீழே இருந்த இலைகளில் நாலைந்து பழுத்துத் தொங்கின. மஞ்சள் இலை முழுதும் பரவியிருக்கவில்லை. நுனியில் தொடங்கி, நடுநரம்பைப் பிடித்துக்கொண்டு, ஆப்பு இறங்கினமாதிரி அடிப்பக்கம் இறங்கியிருந்தது. இரண்டு விளிம்பிலும் மட்டும் பச்சை மிச்சம். ஒரு கதிரை முறித்து மடலை உரித்தேன். நுனியில் இரண்டு விரல் அகலத்துக்கு மணியே இல்லை, வெறும் சக்கை.

அத்தான் பார்த்துவிட்டு, “தம்பி, பசளை காணாது. வாற முறை மூண்டு மூட்டை போடுவம்” என்றார்.

நானும் அன்று தலையாட்டினேன். பிறகு யோசிக்க யோசிக்க அது சரியாகப் படவில்லை. ஒரு ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா போட்டிருந்தோம். விதைக்கும்போது கொஞ்சம், நாலாம் கிழமை மிச்சம் முழுவதும். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன், ஆக இரண்டிலும் 46 கிலோ. ஒரு தொன் சோளமணியில் ஏறக்குறைய 14 கிலோ நைதரசன் இருக்கும். எங்கள் காணியில் ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கு 21 கிலோ போதும். தண்டு, இலை, வேர் எல்லாம் சேர்த்தாலும் முப்பது, முப்பத்தைந்துக்குள் அடங்கிவிடும். மண் தானாகக் கொடுப்பதை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை. அப்படியிருக்க, 46 கிலோ போட்ட காணியில் கீழிலை ஏன் பட்டினியால் பழுத்தது? பசளை காணாது என்பதல்ல, பசளை காணாமல் போயிற்று என்பதுதான் நடந்தது. உலகளவில் தானியப் பயிர்களுக்குப் போடும் நைதரசனில் மூன்றிலொரு பங்குதான் மணியில் வந்து சேர்கிறது என்று 1999இல் ஒரு கணக்கு வெளியானது. எங்கள் மணல் கலந்த தரையில், கார்த்திகை மழையில், அந்தக் கணக்கை நம்புவதற்கு எனக்குக் கஷ்டமில்லை.

வாற ஒக்டோபரில் விதைக்க முன் எங்களுக்கு நாலு வழி இருக்கிறது. அத்தான் சொல்கிறபடி மூன்றாவது மூட்டை வாங்கி, பழைய மாதிரியே நாலாம் கிழமைக்குள் போட்டு முடிப்பது ஒன்று. அதே இரண்டு மூட்டையை மூன்று தவணையாகப் பிரிப்பது இன்னொன்று. யூரியாவைக் குறைத்து மாட்டெருவையும் மண்ணில் மக்கும் இலைதழையையும் நம்புவது மூன்றாவது. இலை நெடுநாள் பச்சையாக நிற்கும் ஹைபிரிட் விதைக்கு மாறுவது நாலாவது. இவற்றை ஒப்பிட முன், அந்த மஞ்சள் ஆப்பு எப்படி இறங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அது விளங்கினால் பாதித் தீர்மானம் தானாக வந்துவிடும்.

காவோலை விழக் குருத்தோலை சிரிச்சதாம் என்பார்கள். சோளனில் குருத்தோலை சிரிப்பதே காவோலையின் சோற்றைத் தின்றுதான். இலையில் உள்ள நைதரசனில் பெரும்பங்கு புரதமாக இருக்கிறது. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு ஒளித்தொகுப்புச் செய்யும் இயந்திரம். வேரால் வரும் நைதரசன் குறையும்போது, செடி கீழிலையின் இயந்திரத்தைக் கழற்றத் தொடங்குகிறது. புரதம் அமினோ அமிலமாக உடைகிறது. குளுட்டமைன், அஸ்பரஜின் என்ற உருவில் உரியம் என்ற உணவுக்குழாய் வழியாக மேலே ஏறுகிறது. பச்சையமும் கூடவே கரைவதால் மஞ்சள் வெளியே தெரிகிறது. ஆகவே இலை பழுப்பதை அழுகலோடு சேர்க்கக்கூடாது. வீடு மாறுகிறவர் சாமான்களை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றுவதுபோல அது ஒழுங்காக நடக்கும் வேலை. நைதரசன் இடம்பெயரக் கூடியது என்பதால்தான் பஞ்சம் அடி இலையில் முதலில் தெரிகிறது. கந்தகம் குறைந்தால் இளம் இலை வெளிறும். பொற்றாசியம் குறைந்தால் அடி இலையின் விளிம்பு கருகும். நடுநரம்பு வழியாக ஆப்பு இறங்கினால் அது நைதரசன். காணிக்குள் நின்று இதைப் பிரித்தறியத் தெரிந்தால் தேவையில்லாத பசளைக்குக் காசு போகாது.

கதிர் நுனியில் பட்டுநூல் வெளியே வரும் நாள்வரை, அதாவது பெண்பூ பூக்கும்வரை, மேலே ஏறும் நைதரசன் புது இலைக்குப் போகும். அதற்குப் பிறகு கதிர்தான் எல்லாவற்றையும் இழுக்கும். செடி தன் வாழ்நாளில் எடுக்கும் நைதரசனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பூக்கும் முன்னரே எடுத்துவிடுகிறது. கடைசியில் மணியில் சேரும் நைதரசனில் பாதியளவு இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் கழற்றி வந்தது. மீதி பூத்த பிறகு வேர் புதிதாக எடுத்தது. இந்தக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எவ்வளவு முக்கியம் என்பதைப் பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். குளுட்டமைனை ஆக்கும் நொதியத்துக்கான மரபணுக்களில் ஒன்றைக் கெடுத்தால் கதிரில் மணிகளின் எண்ணிக்கை குறைந்தது. இன்னொன்றைக் கெடுத்தால் மணியின் பருமன் குறைந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். நாம் கதிரை உரித்துப் பார்த்துச் சொல்கிற இரண்டு குறைகளும், நுனி வெறுமையும் சப்பை மணியும், நைதரசனை ஏற்றி இறக்கும் இரண்டு வேறு இடங்களில் தொடங்கக்கூடும்.

இங்கேதான் சிக்கல். அதே இலை களஞ்சியமாகவும் இருக்க வேண்டும், பட்டறையாகவும் இருக்க வேண்டும். களஞ்சியத்தைச் சீக்கிரம் திறந்து மணிக்கு இறைத்தால் புரதம் சேரும், ஆனால் பட்டறை மூடிவிடும். மாவைச் செய்ய ஆளிருக்காது. கீழிலைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மேலிலை செய்யும் சீனி கதிருக்குப் போகிறது. வேருக்குச் சீனி அனுப்புவது பெரும்பாலும் கீழிலைதான். கீழிலை பழுத்தால் வேர் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் வேர் நைதரசனை எடுக்காது. அது எடுக்காவிட்டால் அடுத்த இலையும் பழுக்கும். ஒருமுறை இந்தச் சங்கிலி தொடங்கினால் கதிர் இலைவரை ஏறிவிடும். கடைசியில் செடி தன் தண்டையே கரைத்துக் கதிருக்குக் கொடுக்கும். தை மாதக் காற்றில் சோளன் முழங்காலளவில் முறிந்து சாய்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சரி, இப்போது அத்தானின் மூன்றாவது மூட்டைக்கு வருவோம்.

திருகோணமலைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். ஒக்டோபர் நடுவில் விதைத்தால் நாலாம் கிழமை நவம்பர் நடுவில் வரும், அடைமழைக் காலம். யூரியா மண்ணில் விழுந்து சில நாட்களில் அமோனியமாகும். அடுத்த இரண்டு மூன்று கிழமையில் நைத்திரேற்றாகும். நைத்திரேற்றை மண் பிடித்து வைக்காது. தண்ணீர் இறங்கும் திசையில் அதுவும் இறங்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் நைத்திரேற்று வாயுவாகி மேலே போய்விடும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறிக்கும்போது மேலாகத் தூவிய யூரியா அமோனியாவாகப் பறந்துவிடும். அந்த நேரம் காணிக்குள் போனால் மூக்குக்கே தெரியும். இப்படி மூன்று ஓட்டை உள்ள வாளிக்குள் இன்னுமொரு வாளி தண்ணீர் ஊற்றுவதுதான் மூன்றாவது மூட்டை. முழங்காலளவு செடிக்கு அவ்வளவு நைதரசனும் தேவையில்லை, அதைப் பிடிக்க வேரும் போதாது. வெருகல் பக்கத்து வண்டல் மண்ணில் செய்கிறவர்களுக்கு ஒரேயடியாகப் போடுவது ஓரளவு தாங்கும். அந்த மண்ணுக்குப் பிடிமானம் உண்டு. எங்கள் மணற்தரைக்கு நான் இதை ஏற்கமாட்டேன். ஆட்கூலி மிச்சம் என்ற ஒரே நன்மைக்காக ஒரு மூட்டைக் காசை மண்ணுக்குக் கீழே அனுப்ப மனம் வரவில்லை.

இரண்டு மூட்டையை மூன்றாகப் பிரிப்பதில் கணக்கு வேறு. விதைக்கும்போது அரை மூட்டை, நாலாம் கிழமை ஒரு மூட்டை, ஏழாம் கிழமை மிச்ச அரை மூட்டை. ஏழாம் கிழமை ஏன்? முழங்காலளவு தாண்டியதிலிருந்து பட்டுநூல் வரும்வரை சோளன் நைதரசனை எடுக்கும் வேகம் அதன் வாழ்நாளிலேயே உச்சம். கதிரில் எத்தனை மணி நிற்கும் என்பது பூக்கும் நாளுக்கு இரண்டு கிழமை முன்னும் பின்னும் தீர்மானமாகிறது. அந்த நேரம் நைதரசனோ தண்ணீரோ குறைந்தால் நுனியில் உள்ள இளம் மணிகளைச் செடி கைவிட்டுவிடும். நான் உரித்துப் பார்த்த இரண்டு விரல் வெறுமை அதுதான். ஆண்பூ குருத்துக்குள்ளிருந்து தலைகாட்ட முன் அந்த அரை மூட்டை வேரடியில் இருந்தால், நுனி மணியும் தப்பும், கீழிலையும் கழன்றுபோகாமல் இன்னும் சில நாள் வேருக்குச் சோறு போடும். பட்டுநூல் காய்ந்த பிறகு போடுவது வீண். மணிகளின் எண்ணிக்கை அப்போது முடிவாகியிருக்கும், வேரும் ஓயத் தொடங்கியிருக்கும். மஞ்சளைக் கண்டு பதறிப்போய் அந்த நேரத்தில் யூரியா வீசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தும். அந்தக் காசை மூன்று கிழமை முன்பே போட்டிருக்கலாமே.

இதன் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. ஏழாம் கிழமைச் சோளன் தோளுக்கு மேலே நிற்கும். இலை விளிம்பு கையை அறுக்கும். முழுக்கைச் சட்டை இல்லாமல் உள்ளே போனால் மாலையில் குளிக்கும்போது அழுகை வரும். நின்றபடி வீசினால் யூரியா மணிகள் குருத்துக்குள் விழுந்து, அங்கே நிற்கும் பனித்தண்ணீரில் கரைந்து இலையைச் சுட்டுவிடும். ஆகவே குனிந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் கூரிய தடியால் செடியிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு குழி குத்த, மற்றவர் யூரியாவை இட்டுக் காலால் மண்ணை மூடிப் போக வேண்டும். மூடுவதை விட்டுவிட்டால் ஒரு நல்ல பங்கு பறந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. கூலிக்கு ஆள் பிடித்தால் அது சின்னச் செலவில்லை. ஆனால் மூன்றாவது மூட்டை வாங்கத் தேவையில்லை என்பதை எதிரே வைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் தராசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இன்னொரு நன்மை, கடைசி அரை மூட்டை கையில் இருக்கும்வரை தீர்மானமும் கையில் இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் மழை பொய்த்து மண் காய்ந்திருந்தால் அதைப் போடாமல் வைத்துக்கொள்ளலாம். ஈரமில்லாத மண்ணில் நைதரசன் வேரிடம் போகாது. சேனா படைப்புழு குருத்தைச் சல்லடையாக்கியிருந்தாலும் அப்படித்தான். முன்பே கொட்டியவருக்கு அந்த வசதி இல்லை.

மாட்டெரு பற்றி எனக்கு இரண்டு மனம். மூதூர்ப் பக்கம் மாட்டுக்குப் பஞ்சமில்லை. பட்டியடியில் எரு மலைபோலக் கிடக்கும். மணற்தரைக்கு எரு செய்யும் நன்மையை எந்த மூட்டையும் செய்யாது, ஏனென்றால் அது தண்ணீரையும் அமோனியத்தையும் பிடித்துவைக்கும். ஆனால் நைதரசனுக்கு அதை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதை 2021இல் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில்தான் நீங்கியது. அந்தப் போகத்தில் எங்கள் சோளன் முழங்காலுக்கு வர முன்னரே அடி இலை பழுத்துவிட்டது. காய்ந்த மாட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். அதிலும் ஒரு பகுதியைத்தான் முதல் போகத்தில் விடும், அதுவும் தன் வசதிக்கு மெல்ல மெல்ல. சோளன் கேட்கும் வேகம் வேறு, எரு கொடுக்கும் வேகம் வேறு. வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை இலை இதைவிடச் சுறுசுறுப்பு. காய்ந்த எடையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் நைதரசன், சில கிழமையில் மக்கிவிடும். நாலாம் கிழமைக்குச் சற்று முன் வெட்டி நிரைக்கு நடுவே போட்டு மண் அணைத்தால் யூரியாவில் கொஞ்சம் குறைக்கலாம். இடையில் கௌப்பி போடுவது நல்லதுதான், ஆனால் கௌப்பி பிடிக்கும் நைதரசன் பெரும்பாலும் கௌப்பிக்கே. சோளனுக்குப் பங்கு கிடைப்பது அடுத்த போகத்தில். ஆகவே எரு அடியுரமாக உள்ளே வரட்டும். தவணை யூரியாவின் இடத்தில் அதை வைக்கமாட்டேன்.

யூரியாக் கரைசலை இலையில் தெளிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நூற்றுக்கு இரண்டு வீதக் கரைசல் என்றால் 16 லீற்றர் தாங்கிக்கு 320 கிராம் யூரியா, அதில் நைதரசன் 150 கிராமுக்கும் குறைவு. பத்துத் தாங்கி அடித்தாலும் ஒன்றரைக் கிலோ. அவசரத்துக்கு நிறம் தரும், வயிறு நிரப்பாது.

விதை மாற்றுவது யோசிக்க வேண்டிய வழி. பத்ரா, ருவன் போன்ற திறந்த மகரந்தச்சேர்க்கை வகைகளில் நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். ஹைபிரிட் என்றால் ஒவ்வொரு போகமும் காசு. ஆனால் புதிய ஹைபிரிட்டுகளில் பல மடல் காய்ந்த பிறகும் இலை பச்சையாக நிற்கும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 1950களின் ஒரு ஹைபிரிட்டையும் 1980களின் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பழையது பூத்த பிறகு இலையைக் கழற்றிக் கதிரை நிரப்பியது. புதியது பூத்த பிறகும் வேரால் நைதரசனை எடுத்துக்கொண்டே இருந்தது, அதனால் இலையைக் கழற்றும் அவசரம் அதற்கு வரவில்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பச்சை நிற்பது விதையின் குணம் மட்டுமில்லை, பூத்த பிறகும் மண்ணில் எடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஒரேயடியாகப் போட்டுக் கழுவிவிட்ட தரையில் அந்த விலைகூடிய விதையும் பழையது மாதிரியே பழுக்கும்.

பச்சை எல்லாம் வேலை செய்யும் பச்சையும் இல்லை. மெண்டல் 1866இல் எழுதிய பட்டாணிக் கதையில் வரும் பச்சை விதை, பச்சையத்தை உடைக்கும் வேலை பழுதானதால் பச்சையாக நிற்பது என்று 2007இல் கண்டுபிடித்தார்கள். அப்படியான செடியில் இலை நிறம் மாறாது, உள்ளே பட்டறை மூடியிருக்கும். சோளனில் வேறொரு விதமும் உண்டு. மகரந்தம் சேராத கதிர் உள்ள செடியைக் கவனித்துப் பாருங்கள். சில வகைகளில் இலையில் சீனி தேங்கிச் செந்நிறமாகி, மற்றச் செடிகளுக்கு முன்னரே மூத்துவிடும். இழுக்கக் கதிர் இல்லாவிட்டாலும் இலை கெடும், அதிகம் இழுத்தாலும் கெடும்.

மணியின் புரதத்தைப் பார்த்தால், நெடுநாள் பச்சை நிற்பதற்கு ஒரு விலை உண்டு. மா அதிகம் சேர்ந்து, புரதத்தின் வீதம் சற்றுக் குறையலாம். எங்களிடம் வாங்குகிறவர் கோழித்தீனுக்கு எடுக்கிறார். ஈரத்தைப் பார்க்கிறார், புரதத்தைக் கேட்பதில்லை. ஆகவே அது எங்களைத் தடுக்காது. மாறாக, பச்சையாக நிற்கும் தட்டை அறுத்து மாட்டுக்குப் போடலாம். போன முறை எங்கள் மாடுகள் அந்தக் காய்ந்த தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. அதில் தின்ன ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு ஹைபிரிட் விதைக்காசில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வரும். என்றாலும் முதலில் தவணையைச் சரிசெய்வோம், விதையை அடுத்த ஆண்டு மாற்றுவோம் என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே போகத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீரில் செய்கிறவர்களுக்குக் கதை கொஞ்சம் மாறும். அங்கே கழுவிப்போகும் பயம் குறைவு. கச்சான் காற்றுத்தான் எதிரி. அந்த வறண்ட காற்றில் இலை தண்ணீருக்காகவே மூத்துவிடும், எவ்வளவு நைதரசன் இருந்தாலும் காப்பாற்றாது. பூக்கும் இரண்டு கிழமையில் பம்புக்கு எண்ணெய் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், யூரியாவைப் பிறகு பார்க்கலாம். தண்ணீர் உறுதி என்றால் மூன்று தவணை அங்கேயும் நல்லது; ஒவ்வொரு தவணைக்கும் உடனே தண்ணீர் பாய்ச்சி யூரியாவை உள்ளே இறக்கலாம் என்பதால் பறந்துபோவதும் குறையும்.

எங்கள் காணிக்குத் தீர்மானம் இதுதான். உழவுக்கு முன் பட்டியடி எரு. பழைய விதை. இரண்டு மூட்டை யூரியா, மூன்று தவணை. அத்தானுக்கு இன்னும் மூன்றாவது மூட்டையில் ஒரு கண். அவர் இந்தக் காணியில் என்னைவிட இருபது வருடம் கூடப் பாடுபட்டவர், அவர் சொல்வதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதனால் கிழக்கு வேலியோரம் நாலு நிரையை அவருக்கு விட்டிருக்கிறேன். அந்த நாலு நிரைக்கு மட்டும் மூன்று மூட்டைக் கணக்கில், நாலாம் கிழமைக்குள் போட்டு முடிப்பார். பக்கத்து நாலு நிரை என் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்புத் துணி கட்டுவோம். பட்டுநூல் கறுத்துக் காய்ந்து இரண்டாவது கிழமை, இரண்டு பேரும் காலையிலேயே உள்ளே போய்க் குனிந்து, கதிருக்குக் கீழே எத்தனை இலை பச்சை என்று செடி செடியாக எண்ணுவதாகப் பேச்சு.